தீகவாபி முதல் கடற்கரைப் பள்ளி வரை: தொல்பொருள் என்றால் காணி போய்விடுமா?

கல்முனையிலிருந்து பொத்துவில் வரையுள்ள எந்த ஊரிலாவது தொல்பொருள் திணைக்களத்தின் வாகனம் வந்து நின்றால், அங்கே என்ன கிடைத்தது என்று யாரும் கேட்பதில்லை. யாருடைய காணி என்றுதான் கேட்பார்கள்.

இந்தப் பதற்றத்தைக் குறை சொல்ல முடியாது. சுனாமியில் வீடிழந்தவர்களுக்காகச் சவூதி அரேபியாவின் உதவியில் அம்பாறை மாவட்ட நுரைச்சோலையில் 500 வீடுகள் கட்டினார்கள். அந்தக் காணி பௌத்தத் தலமான தீகவாபியைச் சூழ்ந்தது என்று எழுந்த வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. வீடுகள் ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்தன. 2020 ஜூனில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென ஒரு செயலணியை நியமித்தார். அன்றைய பாதுகாப்புச் செயலாளர் கமல் குணரத்ன அதன் தலைவராக இருந்தார். தமிழ் பேசுவோரே பெரும்பான்மையான மாகாணத்துக்கு அமைத்த செயலணியின் முதல் பட்டியலில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. பொத்துவில் முகுது மகா விகாரையின் எல்லைப் பிணக்கும் சேர்ந்துகொண்டது.

இதனால் யுனெஸ்கோ, திணைக்களம், செயலணி மூன்றும் நம் பேச்சில் ஒன்றாகிவிட்டன. ஆனால் ஒவ்வொன்றின் அதிகாரமும் வேறு. பிரித்துப் பார்க்காதவரை எதை எதிர்ப்பது, எதைக் கேட்டுப் பெறுவது என்று நமக்குத் தெரியப்போவதில்லை.

முதலில் யுனெஸ்கோ. உலக மரபுரிமைப் பட்டியல் 1972ஆம் ஆண்டின் சமவாயத்தில் பிறந்தது. ஓர் இடம் அதில் சேர, பத்து அளவுகோல்களில் ஒன்றையாவது நிறைவு செய்து, தன் நாட்டைத் தாண்டி மனித குலம் முழுவதற்கும் அது முக்கியம் என்று நிரூபிக்க வேண்டும். விண்ணப்பிக்கும் உரிமை அரசுக்கு மட்டுமே. விகாரையோ கோயிலோ பள்ளிவாசலோ நேரே எழுத முடியாது. இலங்கையில் இப்போது எட்டு இடங்கள் உள்ளன: அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா (1982), கண்டி, காலி, சிங்கராஜ வனம் (1988), தம்புள்ளை (1991), மத்திய மலைநாடு (2010). வடக்கிலும் கிழக்கிலும் ஒன்றுகூட இல்லை. கிழக்கில் திருகோணமலை மாவட்டத்துச் சேருவில விகாரை உத்தேசப் பட்டியல் வரை போயிருக்கிறது. ஆக, அம்பாறைக் கரையில் நடந்த எந்தக் காணிப் பிணக்குக்கும் உலக மரபுரிமைப் பட்டியல் காரணமில்லை.

பட்டியலில் ஏறினால் இருக்கிறவர்களை எழுப்பிவிடுவார்கள் என்ற பயமும் உண்டு. அதற்குக் காலிக் கோட்டைதான் பதில். கோட்டை மதிலுக்குள் இன்றும் முஸ்லிம் குடும்பங்கள் வாழ்கின்றன; 1904இல் கட்டிய மீரான் ஜும்ஆப் பள்ளிவாசலில் தொழுகை நடக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் 1987இல் பட்டியலில் சேர்ந்தது, 2004இல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் அதோடு இணைந்தன. அங்கே பூசை நின்றுபோகவில்லை. ஆனால் கட்டுப்பாடு உண்டு, அதை மறைக்கக் கூடாது. இந்தியச் சட்டப்படி மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீற்றருக்குள் புதிதாகக் கட்ட முடியாது, அதற்கப்பால் 200 மீற்றருக்கு அனுமதி வேண்டும். மாமல்லபுரத்தில் வீடு கட்ட நினைப்பவருக்கு இது அன்றாடத் தலைவலி.

நம் ஊரில் நேரடியாகக் கைவைக்கக் கூடியது, 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம். அதன்படி 1815 மார்ச் 2க்கு முந்திய கட்டுமானம் புராதனச் சின்னம். கண்டி இராச்சியம் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்ட நாள் அது. அந்த நாளை எல்லையாக வைத்ததிலேயே யாருடைய வரலாறு மனதில் இருந்தது என்று தெரிகிறது. ஆனால் சட்டம் அங்கேயே முடிந்துவிடவில்லை. நூறாண்டு கடந்த கட்டடத்தையும் அமைச்சர் வர்த்தமானி மூலம் புராதனச் சின்னமாக்கலாம். தனியார் காணியிலுள்ள சின்னத்தைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கலாம். அதற்கு முன் அறிவித்தல் கொடுத்து ஆட்சேபணை கேட்க வேண்டும். அப்படி அறிவிப்பதாலேயே உறுதி கைமாறுவதில்லை. இடிக்கவும் மாற்றவும் அனுமதி தேவை. அரசகாணியைத் தொல்பொருள் ஒதுக்கமாக்குவது வேறு கதை. பெர்மிட்டில் வயல் செய்கிறவர்களும் ஒரு காகிதமும் இல்லாமல் தலைமுறையாகச் செய்கிறவர்களும் அடிபடுவது அங்கேதான். அவர்களின் போராட்டம் காணிப் போராட்டம். அதைப் பழைய கல்லின் மீதான கோபமாக மாற்றிக்கொள்வது நமக்கே பாதகம்.

ஏனென்றால் அந்தக் கற்கள் உண்மையிலேயே பெரியவை. அம்பாறை நகருக்கு வடக்கே ராஜகல மலையில், மகிந்த தேரருக்கும் இட்டிய தேரருக்கும் உரிய தூபி இது என்று சொல்லும் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. பௌத்தத்தை இத்தீவுக்குக் கொண்டுவந்தவர்களின் பெயர் மகாவம்சம் எழுதப்படுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கல்லில் வந்துவிட்டது. இந்த மாவட்டத்திலிருந்து உலகப் பட்டியலுக்கு ஓரிடத்தை அனுப்பச் சொன்னால் நான் ராஜகலையைத்தான் சொல்வேன். தீகவாபித் தூபியைக் கட்டியவன் மன்னன் துட்டகைமுனுவின் தம்பி சத்தாதிஸ்ஸன் என்கிறது மகாவம்சம். அவனை இப்பகுதிக்கு அனுப்பியது வேளாண்மையைக் கவனிக்க. இன்றும் அது நெல் விளையும் பூமிதான். லாகுகலையில் மகுல் மகா விகாரை, திருக்கோவிலில் தமிழ்க் கல்வெட்டுள்ள சித்திரவேலாயுதர் கோயில்.

நம்முடையது எங்கே என்று கேட்கும் முஸ்லிம்கள் கல்முனைக்குடிக் கடலோரம் போய்ப் பார்க்கலாம். நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக எழுந்த கடற்கரைப் பள்ளியில், நாகூர்க் கந்தூரியை ஒட்டி ஆண்டுதோறும் கொடி ஏறுகிறது. ஆண்டகை அடங்கியிருப்பது நாகூரில். இங்கே இருப்பது நினைவிடம். இதைப் போன்ற நினைவிடங்கள் தமிழ் முஸ்லிம் வணிகரும் மாலுமிகளும் போன வேறு துறைமுகங்களிலும் உண்டு. சிங்கப்பூரில் 1828-1830இல் கட்டியது 1974இலேயே தேசிய நினைவுச்சின்னமாகிவிட்டது. பினாங்கில் இருப்பது 2008இல் உலக மரபுரிமையான ஜோர்ஜ் டவுனுக்குள் இருக்கிறது. கல்முனையின் கடற்கரைப் பள்ளியை இந்த வரிசையில் வைத்துத்தான் பேச வேண்டும். கந்தூரி கூடுமா கூடாதா என்பது மார்க்க அறிஞர்களின் விவாதம். கட்டடத்தின் வயது அந்த விவாதத்தில் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

நம் பழமைக்கு நாமே செய்த சேதத்தையும் சொல்லத்தான் வேண்டும். சுண்ணாம்புச் சுவரும் மரத்தூணும் ஓட்டுக் கூரையுமாக இருந்த பழைய பள்ளிகளை ஊர் ஊராக இடித்து கொங்கிறீற்றில் கட்டியது எந்தச் செயலணியும் இல்லை. தொழ இடம் போதவில்லை, உண்மை. ஆனால் பழையதைப் பக்கத்தில் விட்டுவைத்துப் புதியதைக் கட்டலாம் என்று யோசித்த நிருவாகங்கள் குறைவு.

ஆகவே நம்பிக்கையாளர் சபைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கொந்தராத்தில் கையொப்பம் இடுவதற்கு முன் கட்டடத்தை நாற்புறமும் படம் எடுங்கள். மையவாடியில் ஆண்டு பொறித்த மீஸான் கற்களைப் பெயர்க்காதீர்கள். பழைய உறுதிகளையும் அரபுத் தமிழ் ஏடுகளையும் திரட்டி, ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் காட்டுங்கள். நூறாண்டு கடந்ததாக இருந்தால், அதைப் பாதுகாக்கும்படி தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்துக்கு நீங்களே எழுதுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியைப் பள்ளிக் கோப்பில் வையுங்கள்.