அப்பாவின் அம்பாசிடருக்குப் புது என்ஜின் பொருத்தலாமா?

அப்பா ஆசை ஆசையாக வாங்கிய கார். அக்கா கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு அதில்தான் நடந்தது. இன்று கொட்டகையில் தூசி படிந்து நிற்கிறது.

"பழைய என்ஜினை இறக்கிப் போடு. வேறு என்ஜின் வை. வண்டி பறக்கும்!" என்கிறார்கள் நண்பர்கள்.

பெங்களூர் சிவாஜிநகர் குஜரியிலும் ஜே.சி. ரோட்டிலும் பழைய கார் பாகம் தேடி அலைந்தவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. ஆனால் செய்வதற்கு முன் யோசிக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

ஒரே உடல், இரண்டு இதயம்

அம்பாசிடர் 1957-ல் பிறந்தது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைப் பார்த்து, கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்தது. 2014-ல் உற்பத்தி நின்றது.

பல ஆண்டுகள் அதில் இருந்தது 1,489 சி.சி. பெட்ரோல் என்ஜின். சுமார் 50 குதிரைத்திறன். கியர், ஸ்டியரிங் தண்டில் இருக்கும். அவசரப்படாத என்ஜின். எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைக்கத் துணிவார்.

1990-களில் அதே உடலுக்குள் ஜப்பானின் இசுசு நிறுவனத் தொழில்நுட்பத்தில் 1,817 சி.சி. என்ஜின் வந்தது. சுமார் 75 குதிரைத்திறன். ஐந்து கியர். இதே என்ஜின் கான்டெசா காரிலும் ஓடியது.

கம்பெனியே பொருத்திய என்ஜின் என்பதால்தான், பழைய அம்பாசிடரை மாற்ற நினைப்பவர்கள் முதலில் இதைத் தேடுகிறார்கள்.

என்ஜின் மட்டும் போதாது

என்ஜினை மட்டும் மாற்றினால் வேலை முடிந்துவிடாது. என்ஜினைத் தாங்கும் மவுண்டிங் மாற வேண்டும். கியர் தரைக்கு வருவதால் நடுத்தளத்தில் இடம் செய்ய வேண்டும். பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டின் நீளம் சரியாக அமைய வேண்டும். ரேடியேட்டர், சைலன்சர் குழாய், வயரிங் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக பிரேக்! பழைய அம்பாசிடரின் நான்கு சக்கரங்களிலும் இருப்பது டிரம் பிரேக். 50 குதிரைத்திறனுக்கு அமைந்த பிரேக்கை வைத்துக்கொண்டு 75 குதிரைத்திறனை ஓட்டுவது ஆபத்து. ஓடும் வேகம் கூடினால், நிறுத்தும் சக்தியும் கூட வேண்டும்.

அதோடு, அம்பாசிடருக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடலே சட்டம். அடித்தளம் துருப்பிடித்திருந்தால் எந்த என்ஜினும் அதைக் காப்பாற்றாது. ஆகவே முதலில் தளத்துத் துரு, அடுத்து பிரேக், பிறகு என்ஜின். பெயிண்ட் கடைசியில்தான். பட்டி பூசித் துருவை மறைத்தால் ஒரு மழைக்காலத்தில் வெளுத்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது.

ஆர்.சி. புத்தகத்தில் என்ஜின் எண் இருக்கிறது. வண்டியில் வேறு எண் இருந்தால் விற்கும்போதும் சிக்கல், விபத்து நேர்ந்தால் இன்சூரன்சிலும் சிக்கல். எனவே பழைய என்ஜினில் கை வைக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்து, அனுமதியை எழுத்தில் வாங்க வேண்டும். அனுமதி கிடைத்துவிடும் என்று நாமே முடிவு செய்துகொள்ளக் கூடாது. வாங்கும் என்ஜினுக்கும் முறையான ரசீது வேண்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. 2021-ல் மத்திய அரசு பழங்கார்களுக்குத் தனிப் பதிவு விதி கொண்டுவந்தது. முதல் பதிவு முடிந்து 50 ஆண்டுகளைக் கடந்த கார், 'வி.ஏ.' என்ற எழுத்துடன் தனி எண் பெறலாம். பதிவுக் கட்டணம் 20 ஆயிரம் ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும். அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் பயன்படுத்தக் கூடாது.

ஆனால் ஒரு நிபந்தனை. கார் மூல வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், உடல், என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது.

அதாவது, 1970-ல் பதிவான அப்பாவின் காருக்கு இன்று வேறு என்ஜின் வைத்தால், அதற்கு உரிய அந்தப் பெருமை கைவிட்டுப் போகும்!

வேறு வழி உண்டா?

உண்டு. பழைய என்ஜினையே புதுப்பிக்கலாம். லேத் பட்டறையில் சிலிண்டரை போர் செய்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடலாம். கிராங்க் தண்டைத் தீட்டி, புது பேரிங் பொருத்தலாம். வால்வுகளைச் சரிசெய்யலாம். வண்டி பறக்காது, ஆனால் நம்பி உட்காரலாம்.

தினமும் ஓட்ட வேண்டிய, 50 ஆண்டு ஆகாத வண்டி என்றால், அனுமதியோடு மாற்றுவதில் அர்த்தம் உண்டு. அப்போதும் உடலை வெட்டாமல், போல்ட் போட்டுப் பொருத்தும்படி மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். இறக்கிய என்ஜினை எடைக்குப் போடாதீர்கள். எண்ணெய் ஊற்றி, மூடி, உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

நாளை உங்கள் மகனோ மகளோ, "தாத்தா ஓட்டிய அதே காரா இது?" என்று கேட்கக்கூடும். "ஆமாம்" என்று சொல்ல அந்த என்ஜின் வேண்டும்.