வயிற்றில் பையோடு ஊர் திரும்புகிறவர்கள்

மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து தர்மபுரி மாவட்டத்தின் பென்னாகரத்துக்கோ அரூருக்கோ திரும்புகிறவர்களுக்கு டாக்டரிடம் கேட்கத் தயங்கும் கேள்விகள் உண்டு. பஸ்ஸில் போனால் பக்கத்தில் இருப்பவருக்கு வாடை அடிக்குமா? காட்டு வேலைக்குப் போக முடியுமா?

கட்டியை அகற்றும்போது, குடலின் ஒரு பகுதியை வயிற்றுத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து தைத்து, அதன்மேல் பை ஒட்டி அனுப்புவது உண்டு. சிலருக்கு இது சில மாதங்கள்தான். ஆசனவாயையே எடுத்தவர்களுக்கு ஆயுள் முழுக்க. வெளியே தெரியும் அந்தக் குடல்வாய்க்கு ஸ்டோமா என்று பெயர். சிவப்பாக, ஈரமாக, புண் போலத் தெரியும். தொட்டால் வலிக்காது என்று சொல்லிக்கொடுத்தாலே பாதிப் பயம் போய்விடும்.

மீதிப் பயம் போகப் பழக்கம் வேண்டும். மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே பையைக் காலி செய்துவிட வேண்டும். தோலை வெறும் தண்ணீரில் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுத்த பிறகே புதுப் பையை ஒட்ட வேண்டும்; எண்ணெய் தடவினால் ஒட்டாது. பையில் வெட்டும் துளை ஸ்டோமாவைவிட 2, 3 மில்லிமீட்டர்தான் பெரிதாக இருக்கலாம். அதற்கு மேல் போனால் மலம் பட்டுத் தோல் வெந்துவிடும். முதல் 6 முதல் 8 வாரங்களில் ஸ்டோமா சுருங்கும் என்பதால், அளவைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். சிறுகுடலில் இருந்து வைத்த ஸ்டோமா என்றால் நீராகவே போகும். சித்திரை வெயிலில் உடம்பு சீக்கிரம் வறண்டுவிடும், உப்புச்சர்க்கரைக் கரைசல் கைவசம் இருக்க வேண்டும். தண்ணீர்க் குடம் தூக்கினால் அந்த இடத்தில் குடலிறக்கம் வரலாம். குடத்தை வீட்டில் வேறு யாராவது தூக்கட்டும்.

தோலில் ஒட்டும் இந்தப் பையை 1954-இல் யோசித்தவர் எலிசே சோரென்சன் என்ற டென்மார்க் நர்ஸ். ஸ்டோமா வைத்த தன் சகோதரி வெளியே தலைகாட்ட அஞ்சியதைப் பார்த்த தவிப்பே காரணம். 1958-இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் டாக்டர் ரூபர்ட் டர்ன்புல், ஸ்டோமாவோடு வாழ்ந்த நார்மா கில் என்ற பெண்மணியையே மற்ற நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுக்க நியமித்தார். அனுபவித்தவர் சொன்னால் நம்பிக்கை வருகிறது.

தர்மபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனாலும் புற்றுநோய் என்றால் சேலம், பெங்களூரு கித்வாய், சென்னை அடையாறு மருத்துவமனைகள் என்று போகிறவர்கள் உண்டு. கற்றுக்கொடுத்த நர்ஸ் அங்கே இருப்பார். பை கசிவது இங்கே, நடுராத்திரியில். 2021 ஆகஸ்ட் 5-இல் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கிய சாமனப்பள்ளி, 2004 வரை தர்மபுரி மாவட்டத்தோடு சேர்ந்திருந்த கிருஷ்ணகிரியில்தான் இருக்கிறது. பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு வாசலுக்கு வரும் அத்திட்டத்தின் பெண் ஊழியர்களுக்கு ஸ்டோமா பராமரிப்பையும் கற்றுக்கொடுப்பது பெரிய செலவல்ல. கட்டாயம் செய்ய வேண்டும்.

அவர்கள் இன்னொன்றும் கேட்கலாம்: மலத்தில் ரத்தம் போகிறதா? நம் அரசுப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களையே தேடுகிறது, குடலைத் தேடுவதில்லை. மூலம் என்று நினைத்து மருந்துக்கடைக் களிம்போடு மாதங்களைக் கடத்துகிறவர்கள் இளம் வயதிலும் இருக்கிறார்கள். மலக்குடலின் கீழ்ப்பகுதிக் கட்டியை டாக்டர் விரலாலேயே தொட்டுக் கண்டுபிடித்துவிடலாம். வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் வந்திருந்தால், உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் 40 வயதிலோ, அவருக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்தாண்டு முன்போ, எது முதலில் வருகிறதோ அப்போது கொலோனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும்.