மனைவி மக்களோடு மால்டாவுக்கா?



மதுரைச் சீமையிலிருந்து கடல் கடந்து பொருள் தேடச் செல்வது நமக்குப் புதிதன்று. மகபூப்பாளையத்திலும் நெல்பேட்டையிலும், மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்துச் சிற்றூர்களிலும், வளைகுடாவுக்கு ஒருவரையேனும் அனுப்பாத தெருக்கள் குறைவு. ஆனால் அப்பயணத்துக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. ஆண்மகன் தனியே செல்வார். இல்லாள் பிள்ளைகளுடன் இங்கேயே இருப்பார். அத்தா இரண்டாண்டுக்கொரு முறை வருவார். பிரிவின் வேதனை பெரிதுதான் எனினும், பிள்ளைகள் ஓதுவதும் வளர்வதும் பாட்டனார் கண்முன்னே நடந்தன.

இப்பொழுது வருகின்ற கேள்வி வேறு. மதரஸா வாசலில் நின்று இளந்தாய்மார் கேட்கின்றனர்: "ஹஜ்ரத், இவுகளுக்கு மால்டாவுல வேலை கிடைச்சிருக்கு. பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டுப் போயிடலாமா?"

'ஆம்' என்றோ 'வேண்டாம்' என்றோ ஒரே சொல்லில் விடை கூறிவிட முடியாது. முதலில் அந்நாட்டை அறிந்துகொள்வோம்.

மத்தியதரைக் கடலில், சிசிலிக்குத் தெற்கே அமைந்த சின்னஞ்சிறு தீவுக்கூட்டம் மால்டா. மொத்தப் பரப்பு 316 சதுர கிலோமீட்டர். நமது மதுரை மாநகராட்சியைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு, அவ்வளவே. 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. ஆங்கிலமும் ஆட்சிமொழி. ஐரோப்பிய ஊதியம், ஆங்கிலம் பேசும் ஊர் என்ற இரண்டும் சேர்ந்தே நம் இளைஞர்களை ஈர்க்கின்றன. செவிலியர், முதியோர் பராமரிப்பாளர், உணவகப் பணியாளர், வாகன ஓட்டுநர் என்று பலரும் செல்கின்றனர். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்குள்ள சுமார் 5,20,000 மக்களில் ஐவரில் ஒருவருக்கும் மேல் வெளிநாட்டவர்.

அரபி எழுத்தறிந்த நம் இல்லத்தார்க்கு வியப்பளிக்கக்கூடிய செய்தி ஒன்று உண்டு. அம்மக்களின் தாய்மொழியாகிய மால்டீஸ், அரபியின் கிளையே. இலத்தீன் எழுத்தில் எழுதப்படுகிறது. இத்தாலியச் சொற்கள் ஏராளமாகக் கலந்துள்ளன. ஆயினும் வீடு 'தார்'தான், கடல் 'பஹர்'தான், ரொட்டி 'ஹொப்ஸ்'தான். வெள்ளிக்கிழமையை 'ஜிம்ஆ' என்றே அழைக்கின்றனர். கத்தோலிக்கத் தேவாலயத்தில் இறைவனைக் குறிக்கும் சொல் 'அல்லா'. கிறிஸ்தவர்களின் தவக்காலத்துக்குப் பெயர் 'ரன்தான்'. ரமலான் என்னும் நம் சொல்லின் சாயலே அது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

கி.பி. 870இல் அத்தீவு முஸ்லிம்கள் வசமானது. 1091இல் நார்மானியர் கைக்கு மாறிய பின்னும் முஸ்லிம்கள் அங்கு வாழ்ந்துகொண்டுதான் இருந்தனர். அதற்குச் சாட்சி, கோஸோ தீவின் அருங்காட்சியகத்திலுள்ள ஒரு சலவைக்கல். மைமூனா என்னும் முஸ்லிம் பெண்மணியின் கப்ருக்கல் அது. ஹிஜ்ரி 569 ஷஅபான் மாதம், அதாவது கி.பி. 1174 மார்ச்சில், அவர் வஃபாத்தானதைக் கூஃபி எழுத்தில் பொறித்துள்ளனர். நார்மானியர் வந்து எண்பத்து மூன்று ஆண்டுகள் கழித்தும் அரபியில் கப்ருக்கல் செதுக்கும் அளவுக்கு நிலைபெற்றிருந்த சமுதாயம் அது. அடுத்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அது இல்லாமற் போயிற்று. சிலர் வெளியேற்றப்பட்டனர், எஞ்சியோர் கரைந்துபோயினர். மொழி பிழைத்தது, கலிமா பிழைக்கவில்லை. மதரஸாவில் பாடம் நடத்துகின்றவன் என்ற முறையில் இச்செய்தி என்னை அடிக்கடி சிந்திக்க வைக்கிறது. ஒரு நாடே மறந்த இடத்தில், மூன்றாவது மாடிக் குடித்தனத்தில் வளரும் இரு பிள்ளைகள் எதை நினைவில் வைத்திருப்பார்கள்?

அதற்கும் முந்திய கேள்வி, பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லவே சட்டம் இடந்தருமா என்பது. இதைத்தான் நம்மவர்கள் கேட்பதே இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத நாட்டவர்க்கு, வேலைக்கும் தங்குவதற்கும் சேர்த்து 'சிங்கிள் பெர்மிட்' என்னும் அனுமதி வழங்கப்படுகிறது. அது வேலை செய்பவருக்கு மட்டுமே உரியது. குறிப்பிட்ட முதலாளியோடு பிணைக்கப்பட்டது. வேலை போய்விட்டால் மறுவேலை தேட முன்பெல்லாம் பத்தே நாட்கள் தரப்பட்டன; 2025ஆம் ஆண்டுக் கொள்கையில் முப்பது நாட்களாக உயர்த்தினர். மனைவி மக்களை வரவழைப்பதற்குத் தனி விண்ணப்பம் செய்ய வேண்டும். 2007ஆம் ஆண்டின் குடும்ப மறுஇணைப்பு விதிகள், அழைப்பவர் இரண்டாண்டு காலம் அங்கு முறைப்படி வசித்திருக்க வேண்டும் என்கின்றன. தகுந்த வீடும் மருத்துவக் காப்பீடும் வேண்டும். வருமானமோ அந்நாட்டின் சராசரி ஊதிய அளவு இருந்து, அதற்குமேல் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் 20 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். மனைவியும் இரு குழந்தைகளும் என்றால், சராசரி ஊதியத்தைவிட 60 சதவீதம் அதிகம் வேண்டும். 2025இல் அங்கு முழுநேர வேலைக்குக் குறைந்தபட்ச ஊதியம் வாரத்துக்கு 221.78 யூரோ. உணவகத்திலோ கிடங்கிலோ அவ்வூதியத்தை ஒட்டிய சம்பளத்துக்குச் செல்லும் தம்பி, அந்த வரம்பை எட்டுவது எங்ஙனம்? உயர்தகுதிப் பணியாளர்களுக்கு விரைவான வழிகள் உண்டு. வேலையின் வகைக்கேற்ப நிபந்தனைகளும் மாறுகின்றன. ஆனால் 2018இல், பெற்றோர் வேலையில் இருந்தபோதும் வருமானம் போதவில்லையெனச் சிறு பிள்ளைகளுக்கு அனுமதி மறுக்கப்பட்ட செய்தி அத்தீவின் பத்திரிகைகளிலேயே பெரிதாகப் பேசப்பட்டது. ஆகவே, பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்குவதையும், மனைவியின் நகையை விற்பதையும், குடியிருக்கும் வீட்டை ஒத்திக்கு விடுவதையும் தயவுசெய்து நிறுத்தி வையுங்கள். பெரும்பாலோர்க்கு முதல் இரண்டாண்டு, வளைகுடாவைப் போன்றே பிரிவுக் காலந்தான். 'குடும்பத்தோடு போகலாம்' என்று ஆசை காட்டிப் பணம் கேட்பவரிடம், எந்த விதியின் கீழ் என்று கேளுங்கள்.

பணம் என்றதும் இன்னொன்று. வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். வேலை தேடுபவரிடம் அவர் பெறக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் மட்டுமே. இலட்சங்களில் பேசுவோரை என்னவென்பது! 'இமைக்ரேட்' இணையதளத்தில் பதிவைச் சரிபார்க்கலாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்குகிறது, அங்கும் விசாரிக்கலாம்.

சட்டம் இடந்தந்து குடும்பமும் போய்ச் சேர்ந்தால், அங்கு மார்க்கச் சூழல் எப்படி? 2021 கணக்கெடுப்பில் முஸ்லிம்கள் நூற்றுக்கு நால்வருக்குச் சற்றுக் குறைவு. பாவ்லா நகரில் 1978இல் அடிக்கல் நாட்டப்பட்ட மர்யம் அல்பதூல் பள்ளிவாசல் இருக்கிறது. அதனையொட்டி 1997இல் பள்ளிக்கூடமும் தொடங்கினர். அதன் உயர்நிலைப் பிரிவு 2016இல் மூடப்பட்டது. அரசுப் பள்ளிகளில் கத்தோலிக்க சமயப் பாடம் உண்டு; பெற்றோர் விரும்பாவிடில் விலக்குப் பெற அரசியல் சாசனமே உரிமை தருகிறது. மாற்றாக ஒழுக்கவியல் பாடம் 2014 முதல் படிப்படியாகக் கொண்டுவரப்பட்டது. பெற்றோர் எழுதிக் கேட்டாலன்றிப் பிள்ளை மற்றவர்களோடுதான் உட்காரும்.

உணவில் பன்றியும் மதுவும் சர்வசாதாரணம். மால்டாக்காரர்கள் பெருமையாகச் சொல்லும் உணவு முயல் கறி. முயல் நமக்கு ஹலால்தான், அறுத்தவர் யார் என்பதுதான் கேள்வி. மீன் நன்றாகக் கிடைக்கும், அல்ஹம்துலில்லாஹ்! ஜூன் மாதத்தில் பகல் பதினாலரை மணி நேரம் நீளும். இஷா முடித்துப் பிள்ளைகளைத் தூங்க வைப்பது தாய்மார்க்குச் சோதனை.

எனவே, அந்த இரண்டாண்டுக் காத்திருப்பை வீண்காலமாகக் கருதாதீர்கள். ஐந்து வயதுப் பிள்ளையானால் அதற்குள் குர்ஆனை எழுத்துக்கூட்டியாவது ஓதப் பழக்கிவிடலாம். தமிழ் எழுத்தும் அப்படியே. அங்கே போனபின் அதைக் கற்பிக்க உம்மாவைத் தவிர வேறு ஆளிருக்காது.

கணவர் முன்னே சென்றிருக்கும் சகோதரிகள் இப்பொழுதே முடிக்கவேண்டிய வேலை ஒன்றுண்டு. ஜமாஅத் தஃப்தரில் நிக்காஹ் பதிவானது மட்டும் அயல்நாட்டு அலுவலகத்துக்குப் போதாது. 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து சான்று பெற வேண்டும். அதற்கும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றுக்கும் வெளியுறவு அமைச்சகத்தின் 'அப்போஸ்டில்' முத்திரை தேவைப்படும். கணவர் பெயர் தஃப்தரில் ஒரு விதமாகவும், பாஸ்போர்ட்டில் வேறு விதமாகவும், குழந்தையின் சான்றில் மூன்றாவது விதமாகவும் இருப்பது நம் வீடுகளில் வழக்கம். அதைத் திருத்தவே மாதங்கள் ஆகும்.