முறுக்கேறும் சூரியக் காந்தம்

புது தில்லி: 2024 மே 10-ஆம் தேதி இரவு லடாக்கின் ஹான்லே வானம் செந்நிறம் பூண்டது. துருவப் பகுதிகளுக்கே உரிய அந்த ஒளி இந்திய மண்ணிலிருந்து தென்படுவது அபூர்வம். 2003-க்குப் பின் பூமியைத் தாக்கிய மிகக் கடுமையான புவிகாந்தப் புயலின் விளைவு அது. சூரியனில் 13664 என எண்ணிடப்பட்ட கரும்புள்ளித் தொகுதியிலிருந்து கிளம்பியது.

இத்தகைய சீற்றங்களின் பிறப்பிடம் கரோனா எனப்படும் சூரியனின் வெளி வளிமண்டலம். மேற்பரப்பில் சுமார் 5,500 டிகிரி செல்சியஸாக உள்ள வெப்பம் இங்கே 10 லட்சம் டிகிரியைத் தாண்டுகிறது. கிருமி ஒன்றுக்குப் பெயர் ஈந்த பின்னரே இச்சொல் நம் வீடுகளில் புழங்கத் தொடங்கியது என்பது வேறு கதை.

கரோனாவில் வளைந்தெழும் காந்தப் புலக் கோடுகளின் அடிகள் மேற்பரப்பில் ஊன்றியுள்ளன. அங்கே கொதித்துப் புரளும் பிளாஸ்மா அவ்வடிகளைச் சுழற்றுகிறது. முன்னரே முறுக்குண்ட புலமும் உள்ளிருந்து மேலெழுகிறது. கயிற்றின் இரு முனைகளையும் பிடித்து முறுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அது தானே சுருண்டு மடியும் அல்லவா? காந்தக் கயிற்றின் கதையும் அதுவே. முறுக்கு ஏறக்குறைய ஒன்றேகால் சுற்றைக் கடந்தால் அது நிலைகுலையும் என்கிறது கோட்பாட்டுக் கணக்கு ஒன்று. அப்போது கோடுகள் அறுந்து வேறு விதமாக இணைகின்றன. சேர்ந்திருந்த ஆற்றல் வெப்பமாகவும் ஒளிப்பிழம்பாகவும் வெளிப்படுகிறது.

ஆனால், ஆற்றல் தீர்ந்தாலும் முறுக்கு எளிதில் தீர்வதில்லை; ஓரிடம் விட்டு மற்றோரிடம் சேர்கிறது. அதனைப் பிளாஸ்மாவோடு விண்வெளியில் வீசியெறிவதே சூரியனுக்குள்ள முக்கிய வழி. அவ்வாறு வீசப்படும் மேகத்தின் பாதையில் சில வேளைகளில் பூமி குறுக்கிடுகிறது.

மேகத்தினுள் காந்தப் புலம் தெற்கு நோக்கி இருந்தால்தான் ஆபத்து அதிகம். பூமியின் புலத்தோடு அது பிணைந்து ஆற்றலை உள்ளே செலுத்தும். 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணம் சுமார் ஒன்பது மணி நேரம் இருளில் மூழ்கியது இத்தகைய புயலால்தான்.

அத்திசையை முன்கூட்டி அறிவதுதான் சிக்கல். மேற்பரப்பின் புலத்தை உதய்ப்பூர் பதேசாகர் ஏரி ஆய்வுக்கூடம் போன்றவற்றின் தொலைநோக்கிகள் அளக்கின்றன. கரோனாவிலோ புலம் வலுவற்றது, ஒளியும் மங்கல். எனவே பெரும்பாலும் மேற்பரப்பு அளவுகளைக் கொண்டு கணினியில் ஊகித்தறிய வேண்டியுள்ளது.

2023 செப்டம்பர் 2-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட ஆதித்யா எல்-1, 2024 ஜனவரி 6-இல் பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவில் நிலைகொண்டது. கடந்து செல்லும் மேகத்தின் காந்தத் திசையை அளக்கும் கருவியும் அதிலுண்டு. அங்கிருந்து அம்மேகம் பூமியை எட்ட ஆகும் நேரம் பெரும்பாலும் அரை மணியிலிருந்து ஒரு மணி வரை. மின்தொகுப்பையும் செயற்கைக்கோள்களையும் காக்க வேண்டியோருக்குக் கிடைக்கும் அவகாசமும் அவ்வளவே.