விற்பவரின் மௌனம்: பழைய கார் வணிகமும் குறை கூறும் கடமையும்

பயன்படுத்திய பொருளை விற்பவரும் வாங்குபவரும் அதைப் பற்றிச் சமமாக அறிந்தவர்கள் அல்லர். ஏழாண்டுகள் ஒரு காரை ஓட்டியவருக்கு அதன் எஞ்சின் எப்பொழுது சூடேறும், எந்த விபத்தில் அதன் முன்புறம் நசுங்கியது, எத்தனை நாள் அது வெள்ளத்தில் நின்றது என்பதெல்லாம் தெரியும். வாங்க வருபவரோ அரைமணி நேரம் சுற்றிப் பார்த்து, தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்து, பல்லாண்டுச் சேமிப்பை எடுத்து வைக்கிறார்.

இந்த ஏற்றத்தாழ்வை அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் பழைய கார்ச் சந்தையையே எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்ந்தார். நல்ல வண்டியையும் பழுதான வண்டியையும் பிரித்தறிய இயலாதவர் இரண்டுக்கும் நடுவான விலையையே தர முன்வருவார். அவ்விலை கட்டுபடியாகாத நல்ல வண்டியின் உரிமையாளர் சந்தையை விட்டு விலகுவார். முடிவில் பழுதானவையே எஞ்சும் என்று அவர் விளக்கினார். 2001இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர். மறைக்கப்படும் ஒரு குறை, வாங்கியவரை வஞ்சிப்பதோடு நேர்மையாக விற்க வந்தவரையும் விரட்டிவிடுகிறது என்பதே அவர் ஆய்வு தரும் பாடம்.

அவ்வாறாயின், குறையைத் தானாக எடுத்துரைக்கும் கடமை விற்பவருடையதா? அல்லது கேட்டறியும் கடமை வாங்குபவருடையதா? இக்கேள்விக்கு இஸ்லாமிய வணிகச் சட்டமும் இந்திய நாட்டின் சட்டமும் தரும் விடைகள் ஒன்றல்ல. இரண்டையும் அறிந்துகொள்வது இன்று பழைய கார் வாங்குவோர்க்கும் விற்போர்க்கும் பயன் தரும்.

ஈரத் தானியமும் கட்டிய மடியும்

மதீனாவின் கடைவீதியில் குவித்து வைக்கப்பட்டிருந்த தானியத்தினுள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டதாக வணிகர் காரணம் கூறினார். மக்கள் பார்க்குமாறு அந்த ஈரத் தானியத்தை மேலே வைத்திருக்கலாகாதா என்று நபியவர்கள் வினவி, வஞ்சிப்பவரைத் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள். இந்நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளது ஸஹீஹ் முஸ்லிம். மழை பெய்தது வணிகரின் குற்றமன்று. தானியம் நனைந்ததும் குற்றமன்று. நனைந்ததை அடியில் வைத்ததே குற்றமாயிற்று.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையைச் சூழ்ந்த வெள்ளங்களில் எண்ணற்ற கார்கள் நீரில் மூழ்கின. அவ்வாறு மூழ்கிய வண்டியைக் கழுவித் துடைத்து, இருக்கை உறைகளை மாற்றிவிட்டால் புறத்தே ஒன்றும் தெரியாது. மின்கம்பி இணைப்புகளில் துரு ஏறி அவை செயலிழப்பதற்கு மாதங்கள் பிடிக்கும். அந்த இடைவெளியில் அதை வேற்றூரில் விற்பவர், ஈரத் தானியத்தை அடியில் வைத்தவருக்கு நிகரானவர்.

ஹதீஸ் நூல்களில் இன்னொரு செய்தியும் உண்டு. ஆடு, ஒட்டகம் முதலியவற்றைச் சில நாள் கறக்காமல் விட்டு, மடி கனத்த நிலையில் சந்தைக்குக் கொண்டுவரும் வழக்கத்தை நபியவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு ஏமாந்தவருக்கு வைத்துக்கொள்ளவோ திருப்பித் தரவோ மூன்று நாள் உரிமை வழங்கப்பட்டது. திருப்பித் தந்தால், கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீத்தம்பழம் தர வேண்டும். ஷாஃபிஈ அறிஞர்கள் இதை அவ்வாறே ஏற்றனர். திருப்பும் உரிமையைப் பொறுத்து இமாம் அபூஹனீஃபா வேறு கருத்துக் கொண்டிருந்தார். ஆயினும் அச்செயல் வஞ்சகம் என்பதில் கருத்து வேறுபாடில்லை. ஓடிய தூரம் காட்டும் மீட்டரில் ஒன்றரை லட்சம் கிலோமீட்டரை அறுபதாயிரமாகத் திருத்தி வைப்பது கட்டிய மடியன்றி வேறென்ன?

குறையினால் பிறக்கும் உரிமை

இத்தகைய செய்திகளின் அடிப்படையில் ஃபிக்ஹு அறிஞர்கள் 'கியாருல் அய்ப்' எனும் கோட்பாட்டை வகுத்தனர். குறையுள்ள பொருளை வாங்கியவருக்குரிய விருப்புரிமை என்பது அதன் பொருள். உதுமானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட 'மஜல்லா' எனும் சட்டத் தொகுப்பு, ஹனஃபீ நெறிப்படி இதனைத் தெளிவாக வரிசைப்படுத்தியது. அதன்படி, வணிகரும் துறை வல்லுநரும் எதனால் விலை குறையும் என்று கருதுவரோ அதுவே குறையாகும். அக்குறை பொருள் வாங்குபவரிடம் ஒப்படைக்கப்படுமுன்பே இருந்திருக்க வேண்டும். வாங்கியவர் அதை அறியாதிருந்திருக்க வேண்டும். அவ்வாறாயின் அவர் பொருளைத் திருப்பித் தரலாம். அல்லது பேசிய விலைக்கே வைத்துக்கொள்ளலாம். அவரிடம் வந்த பின் வேறொரு புதிய குறை ஏற்பட்டுவிட்டால் திருப்பும் உரிமை போய், விலைக் குறைப்புக் கோரும் உரிமை வரும்.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. குறையை அறிந்த பின்னும் பொருளைத் தமதென்று பயன்படுத்துபவர் உரிமையை இழக்கிறார். ஷாஃபிஈ நெறியில் அறிந்தவுடன் காலம் தாழ்த்தாமல் திருப்ப வேண்டும். அடுத்து, எக்குறைக்கும் தாம் பொறுப்பில்லை என்ற நிபந்தனையுடன் விற்பதை ஹனஃபீ அறிஞர்கள் ஏற்கின்றனர். ஷாஃபிஈ அறிஞர்களோ அதைச் சுருக்கி, உயிருள்ள விலங்கில் விற்பவரே அறியாத உட்குறைக்கு மட்டும் அந்நிபந்தனை செல்லும் என்றனர். அறிந்து மறைத்தவருக்கு அவர்கள் நெறியில் அது கேடயமாகாது.

குதிரை வாங்கியவனின் நிலை

ஆங்கிலப் பொதுச் சட்டம் நெடுங்காலம், வாங்குபவரே விழிப்பாயிருக்க வேண்டும் என்னும் கொள்கையில் நின்றது. விலங்கின் வயிற்றில் உண்டாகும் அரிய மருந்துக் கல் என்று சொல்லி ஒருவர் விற்ற கல் போலியானது. விற்றவர் உறுதிமொழி எதுவும் தரவில்லை என்பதால் 1603இல் இங்கிலாந்தில் வாங்கியவரின் வழக்குத் தோற்றது. அக்கொள்கையின் நிழல் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்திலும் படிந்திருக்கிறது. அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு, பேச வேண்டிய கடமை இல்லாதவிடத்து வெறும் மௌனம் மோசடியாகாது என்கிறது. இதற்கு அது தரும் உதாரணமே ஒரு குதிரைதான். குதிரை நோயுற்றது என்றறிந்தும் ஒருவர் ஏலத்தில் ஒன்றும் சொல்லாமல் விற்கிறார், அது மோசடியன்று.

ஆனால் அதே பிரிவு இன்னோர் உதாரணத்தையும் தருகிறது. நீர் மறுக்காவிட்டால் குதிரை நலமாயுள்ளதென்றே கொள்வேன் என்று வாங்குபவர் சொல்லிவிடுகிறார். விற்பவர் வாய் திறக்கவில்லை. இங்கே அம்மௌனம் பேச்சுக்குச் சமம். குதிரை நோயுற்றதென அவர் அறிந்திருந்தால் அது மோசடி. ஒப்பந்தத்தை வாங்கியவர் கைவிடலாம். இவ்விரு நிலைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரேயொரு கேள்விதான். ஷரீஅத்தில் கேளாமலேயே சொல்லப்பட வேண்டியது, நாட்டின் சட்டத்தில் கேட்ட பின்னரே கடமையாகிறது. பழைய கார் வாங்குபவர் மனத்தில் இருத்த வேண்டிய முதற்செய்தி இதுவே.

வணிகரிடம் வாங்கினால்

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இந்நிலையைச் சற்றுத் தளர்த்தியது. அதன் 16ஆம் பிரிவின்படி, விவரித்துச் சொல்லப்பட்ட சரக்கை அவ்வகைச் சரக்கு விற்கும் வணிகரிடம் வாங்கினால், அது விற்பனைக்குரிய தரத்தில் இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே அமையும் நிபந்தனை. வாங்குபவர் சோதித்துப் பார்த்திருந்தால், அச்சோதனையில் தென்பட்டிருக்க வேண்டிய குறைகளுக்கு இப்பாதுகாப்பு இல்லை, மறைந்திருந்தவற்றுக்கு உண்டு. பழைய பொருளிடம் புதியதன் தரத்தை எதிர்பார்க்கவும் இயலாது. கிளட்ச் பழுதான பழைய ஜாகுவார் கார் பற்றிய 1965ஆம் ஆண்டு இங்கிலாந்துத் தீர்ப்பொன்று, சாலையில் ஓடத்தக்கதாயின் சில பழுதுகள் இருப்பினும் அது விற்பனைக்குரிய தரமே என்றது. தேய்மானம் வேறு, மறைக்கப்பட்ட குறை வேறு.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. விற்பவர் தாமே கூறிக்கொண்ட தரத்தில் பொருள் இல்லாவிட்டால் அதையும் இச்சட்டம் குறைபாடாகக் கொள்கிறது. குறையை நீக்கித் தரவும், மாற்றிக் கொடுக்கவும், வட்டியுடன் பணத்தைத் திருப்பவும், இழப்பீடு வழங்கவும் நுகர்வோர் ஆணையம் ஆணையிடலாம். தந்த விலை 50 லட்சம் ரூபாய் வரை எனில் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். 5 லட்சம் வரை கட்டணமில்லை. முறையீட்டாளர் தாம் வசிக்கும் ஊரிலேயே, வழக்கறிஞர் இன்றியும் வழக்கிடலாம். காலவரம்பு இரண்டாண்டுகள். 1915 எனும் தேசிய உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

இச்சட்டம் வணிகரையே பற்றும். தம் சொந்தக் காரை ஒருமுறை விற்கும் தனிமனிதர் வணிகரல்லர். அவர்மீது உரிமையியல் நீதிமன்றத்தையே நாட வேண்டும். மறுவிற்பனைக்கென வாங்கியவரும் நுகர்வோராகார். மீட்டரைத் திருத்தி விற்பது போன்ற ஏமாற்று, பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவின்படி குற்றமாகவும் அமையலாம்.

பழைய வாகன வணிகர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்று மத்திய அரசு 2022 டிசம்பரில் விதி வகுத்தது. அது 2023 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்தது. அச்சான்றைக் காட்டுமாறு கேட்பது வாங்குபவரின் முதல் எச்சரிக்கையாகட்டும்.

எழுத்தில் கேட்க வேண்டியவை

வண்டி விபத்துக்குள்ளானதா, வெள்ளத்தில் மூழ்கியதா, மீட்டர் காட்டும் தூரம் உண்மையானதா, எஞ்சினும் கியர்பெட்டியும் திறந்து பழுது பார்க்கப்பட்டனவா, கடன் நிலுவை உண்டா என்னும் ஐந்து கேள்விகளையும் எழுத்தில் கேட்டு, கையொப்பமிட்ட விடையைப் பெற வேண்டும். செல்பேசிச் செய்தியாயினும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். சர்வீஸ் பதிவேட்டையும் பழைய காப்பீட்டு இழப்பீட்டு விவரங்களையும் விடைகளோடு ஒப்பிட வேண்டும். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்ல வேண்டும். முயன்றால் அறிந்திருக்கக்கூடியதை அறிய முயலாதவருக்கு ஒப்பந்தச் சட்டம் சில நிலைகளில் துணை நிற்பதில்லை.

குறை தெரிந்துவிட்டால் ஓட்டுவதை நிறுத்தி, உடனே விற்றவருக்குப் பதிவு அஞ்சலில் எழுத வேண்டும். நியாயமான காலம் கடந்தும் மறுக்காமல் வைத்திருப்பவர் பொருளை ஏற்றுக்கொண்டவராகவே சட்டத்தில் கருதப்படுவார். அதன்பின் இழப்பீடு கேட்கலாமேயன்றிப் பொருளைத் தள்ளுவது அரிது. காலம் தாழ்த்தலாகாது என்ற ஃபிக்ஹு அறிஞர்களின் நெறியும் இதுவும் இங்கே ஒன்றுபடுகின்றன.

வாங்குபவருக்கு இவ்வளவு கூறிய பின், விற்பவருக்குக் கூற வேண்டியது ஒன்றே. கேட்கத் தெரியாத எளிய மனிதர் ஒருவர் வந்து நிற்கும்போது, கேளாததைச் சொல்லாமல் விட்டவரை நாட்டின் சட்டம் பிடிக்காமல் போகலாம். ஆனால் அவர் பெற்ற விலையில் ஒரு பகுதி அவருக்குரியதன்று. குறையைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்பவருக்கு வருவாய் சற்றுக் குறையலாம். அவர் பெறும் பணத்தில் பிறர் பங்கு எதுவும் கலந்திராது. குவியலின் ஈரத்தை மேலே வைக்க வேண்டிய கை விற்பவரின் கையே.