20 தங்கத்துக்குப் பின்னால் ஒரு பதவி: கல்லூரி உடற்கல்வி இயக்குநரின் பணி என்ன? பெங்களூரு காட்டும் பாடம்

பெங்களூரு: 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 24 முதல் மே 3 வரை பெங்களூருவில் நடைபெற்ற இரண்டாவது கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிகளில், போட்டியை ஏற்று நடத்திய ஜெயின் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் 20 தங்கம், 7 வெள்ளி, 5 வெண்கலம் வென்று ஒட்டுமொத்த சாம்பியன் பட்டத்தைக் கைப்பற்றியது. நாடு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 200 பல்கலைக்கழகங்கள் 20 விளையாட்டுகளில் மோதிய களத்தில், ஒரு தனியார் பல்கலைக்கழகம் முதலிடம் பிடித்தது பரவலாகப் பேசப்பட்டது.

பதக்கம் வென்ற மாணவர்களின் பெயர்கள் செய்திகளில் இடம்பெற்றன. ஆனால், அவர்களைத் தேர்ந்தெடுத்து, சேர்க்கை பெற்றுத் தந்து, பயிற்சிக்கு வழிசெய்து, தேர்வு எழுத வைத்துக் களத்துக்கு அழைத்து வரும் உடற்கல்வி இயக்குநர் என்ற பதவியைப் பற்றிப் பொதுவெளியில் பேசப்படுவது குறைவு. ஒரு கல்லூரியின் விளையாட்டுத் துறை வளர்வதும் தேய்வதும் பெரும்பாலும் இப்பதவியில் இருப்பவரின் திட்டமிடலையே சார்ந்துள்ளது.

யார் இயக்குநராகலாம்?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள், கல்லூரி உடற்கல்வி இயக்குநர் பதவியை உதவிப் பேராசிரியருக்கு இணையான நிலையில் வைத்துள்ளன. உடற்கல்வி அல்லது விளையாட்டு அறிவியலில் 55 விழுக்காடு மதிப்பெண்களுடன் முதுகலைப் பட்டம், தேசியத் தகுதித் தேர்வில் தேர்ச்சி, மாணவப் பருவத்தில் போட்டிகளில் பங்கேற்ற சான்று ஆகியவை அடிப்படைத் தகுதிகளாகக் கேட்கப்படுகின்றன. முனைவர் பட்டம் பெற்றோருக்குத் தனி விதிகள் உள்ளன.

மற்ற பேராசிரியர் பணிகளுக்கு இல்லாத ஒரு நிபந்தனையும் இதில் உண்டு. அது உடல்தகுதித் தேர்வு. 30 வயது வரையிலான ஆண்கள் 12 நிமிடங்களில் 1,800 மீட்டரும், பெண்கள் 8 நிமிடங்களில் 1,000 மீட்டரும் ஓடியோ நடந்தோ கடக்க வேண்டும். வயது கூடக் கூட இத்தொலைவு குறையும்.

பல்கலைக்கழக அளவிலான உயர் பதவிகளுக்குச் செல்ல, போட்டிகளையும் பயிற்சி முகாம்களையும் நடத்திய அனுபவமும், சிறந்த அணிகளை உருவாக்கியதற்கான சான்றும் தேவைப்படுகின்றன. ஆகவே, மாணவர்களின் வெற்றி இயக்குநரின் பணி வாழ்க்கையிலும் நேரடியாக எதிரொலிக்கிறது.

ஆண்டு முழுவதும் என்ன வேலை?

கல்லூரிகளுக்கு இடையேயான போட்டிகள் முதல் படி. அவற்றிலிருந்து பல்கலைக்கழக அணி தேர்வு செய்யப்படும். அடுத்து, இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் நடத்தும் மண்டல மற்றும் அகில இந்தியப் போட்டிகள். பெங்களூருவும் சென்னையும் தென் மண்டலத்தில் வருகின்றன. அகில இந்திய அளவில் முன்னிலை பெறுவோரே கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டிகளுக்குத் தகுதி பெறுகின்றனர். மாணவரின் வயது, சேர்க்கை தொடர்பான ஆவணம் ஒன்றில் பிழை நேர்ந்தாலும் ஓராண்டு உழைப்பு வீணாகும் என்பதால், தகுதிப் படிவங்களைச் சரிபார்ப்பது இயக்குநரின் முக்கியப் பொறுப்பாகும்.

இதைவிடக் கடினமானது வகுப்பறைக்கும் மைதானத்துக்கும் இடையிலான இழுபறி. பல பல்கலைக்கழகங்களில் தேர்வு எழுத 75 விழுக்காடு வருகைப் பதிவு வேண்டும். தேசிய முகாமுக்கும் போட்டிகளுக்கும் செல்லும் மாணவர் பருவத்தின் பாதி நாட்கள் வகுப்பில் இருக்க முடியாது. வருகைப் பதிவில் சலுகை பெறுதல், தவறிய தேர்வுக்கு மாற்று நாள் கேட்டல், துறைத் தலைவர்களைச் சம்மதிக்க வைத்தல் ஆகியவை கோப்புகளின் வழியே நடக்கும் பணிகள். இவை நடக்காத கல்லூரிகளில், திறமையான மாணவர் இரண்டாம் ஆண்டிலேயே விளையாட்டையோ படிப்பையோ கைவிட நேரிடுகிறது.

பெங்களூருவில் நடந்தது என்ன?

இந்திய கிரிக்கெட் வீரர்கள் கே.எல். ராகுல், கருண் நாயர் ஆகியோர் ஜெயின் கல்வி நிறுவனத்தில் பயின்றவர்கள். 2016 டிசம்பரில் சென்னை சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் ராகுல் 199 ரன்களும், கருண் நாயர் ஆட்டமிழக்காமல் 303 ரன்களும் குவித்ததைத் தமிழக ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆனால், கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டிகளில் கிரிக்கெட் இல்லை. 2022இல் ஜெயின் பல்கலைக்கழகத்தின் வெற்றிக்கு நீச்சல் பெருமளவு கைகொடுத்தது. அப்பல்கலைக்கழகத்தின் சிவா ஸ்ரீதர் ஒருவரே 7 தங்கம் வென்றார். தடகளத்தில் பிரியா மோகன் 200 மீட்டர் ஓட்டத்தில் தூத்தி சந்தை முந்தித் தங்கம் வென்றார்.

இதற்கு நகரத்தின் அமைப்பும் துணை நிற்கிறது. பசவனகுடி நீச்சல் மையம் போன்ற பழைமையான மன்றங்கள், ஸ்ரீ கண்டீரவா விளையாட்டரங்கம், இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையம், பிரகாஷ் படுகோன் 1994இல் தொடங்கிய பேட்மின்டன் அகாடமி ஆகியவை பெங்களூருவில் உள்ளன. சிறு வயது முதல் இத்தகைய மையங்களில் பயிலும் மாணவர்கள், பள்ளிப் படிப்பு முடிந்ததும் கல்லூரியைத் தேடுகின்றனர். கட்டணச் சலுகையும் நேரச் சலுகையும் அளித்து அவர்களை ஈர்க்கும் நிறுவனத்துக்கே பதக்கங்கள் சேர்கின்றன. எல்லா வசதிகளையும் கல்லூரியே கட்டி எழுப்ப வேண்டும் என்பதில்லை. நகரில் இருக்கும் பயிற்சியாளர்களோடும் மன்றங்களோடும் கைகோப்பதும் இயக்குநரின் திறமையே.

பதக்கப் பட்டியல் சொல்லாதது

2022 பட்டியலில் இரண்டாமிடம் பெற்ற லவ்லி புரொஃபெஷனல் பல்கலைக்கழகம் 17 தங்கம், 15 வெள்ளி, 19 வெண்கலம் என 51 பதக்கங்கள் வென்றது. மூன்றாமிடம் பெற்ற பஞ்சாப் பல்கலைக்கழகத்துக்கு 15 தங்கம் உட்பட 48 பதக்கங்கள் கிடைத்தன. முதலிடம் பெற்ற ஜெயின் பல்கலைக்கழகத்தின் மொத்தப் பதக்கங்கள் 32 மட்டுமே. தங்கத்தின் எண்ணிக்கையே தரவரிசையைத் தீர்மானிப்பதால் இந்த நிலை.

நிதி ஒதுக்கும்போது இயக்குநர் முன் நிற்கும் கேள்வியும் இதுதான். ஒரு கால்பந்து அணியில் ஏறத்தாழ 20 மாணவர்கள் உழைத்தாலும் பட்டியலில் சேர்வது ஒரே ஒரு பதக்கம். ஒரு நீச்சல் வீரர் ஒரே வாரத்தில் ஐந்தாறு பதக்கங்களைக் கொண்டுவரலாம். பட்டியலை மட்டும் பார்த்தால் நீச்சலுக்குச் செலவிடுவதே புத்திசாலித்தனம். மாணவர் எண்ணிக்கையைப் பார்த்தால் கால்பந்து, கபடி, கைப்பந்து போன்றவற்றைக் கைவிடுவது இழப்பு.

முன்பே தேர்ச்சி பெற்றவர்களைச் சேர்த்துப் பெறும் வெற்றி நிலையானதாக இருப்பதும் அரிது. அவர்கள் பட்டம் பெற்று வெளியேறும்போது தேடலை மீண்டும் தொடங்க வேண்டும். 2023இல் உத்தரப் பிரதேசத்தில் நடந்த அடுத்த போட்டிகளில் பஞ்சாப் பல்கலைக்கழகம் முதலிடத்துக்கு வந்தது. ஜெயின் பல்கலைக்கழகம் மூன்றாமிடம் பெற்றது. 2024இல் வடகிழக்கு மாநிலங்களில் நடந்த போட்டிகளில் சண்டிகர் பல்கலைக்கழகம் சாம்பியனானது.

சென்னையில் தோன்றிய மரபு

இந்தியாவில் இப்பணிக்கு முறையான பயிற்சி தொடங்கிய இடம் சென்னை. அமெரிக்கரான ஹாரி குரோ பக் 1920இல் இங்கு ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியின் மேலாளராகவும் அவர் பணியாற்றினார். 1943இல் மறையும் வரை அவர் செலவிட்ட உழைப்பின் பெரும்பகுதி, பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் செல்லவிருந்த ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதற்கே. சிலரைச் சாம்பியன்களாக்குவதோடு, எல்லா மாணவர்களையும் மைதானத்துக்கு வரவழைப்பதும் அப்பணியின் நோக்கம்.

அமெரிக்காவில் இதே பதவி இன்று வேறு திசையில் சென்றுள்ளது. அங்குள்ள பெரிய பல்கலைக்கழகங்களின் விளையாட்டு இயக்குநர்கள், தொலைக்காட்சி ஒளிபரப்பு வருவாயையும் நன்கொடைகளையும் கையாளும் மேலாளர்கள். 2025 ஜூன் மாதம் அங்கீகரிக்கப்பட்ட நீதிமன்ற உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகங்கள் மாணவ வீரர்களுக்கு நேரடியாகப் பணம் வழங்கவும் வழி பிறந்துள்ளது. இந்தியாவில் கல்லூரி விளையாட்டுக்கு அத்தகைய வருவாய் இல்லை. மாணவர் கட்டணம், நிர்வாகத்தின் ஒதுக்கீடு, அரசின் உதவி ஆகியவற்றை நம்பியே துறை இயங்குகிறது.

மாணவர்கள் கவனிக்க வேண்டியவை

விளையாட்டு இட ஒதுக்கீட்டில் கல்லூரியில் சேர விரும்புவோர், அந்நிறுவனம் வென்ற கோப்பைகளோடு வேறு சிலவற்றையும் விசாரிப்பது நல்லது என்பதையே பெங்களூரு அனுபவம் உணர்த்துகிறது. முழுநேர உடற்கல்வி இயக்குநர் இருக்கிறாரா, போட்டி நாட்களுக்கு வருகைப் பதிவு உண்டா, தவறிய தேர்வை எழுத மறுவாய்ப்பு தரப்படுமா, காயம் ஏற்பட்டு ஓராண்டு விளையாட முடியாமல் போனால் கட்டணச் சலுகை தொடருமா ஆகியவை முதலில் கேட்க வேண்டியவை. இவற்றுக்கான பதில்களைச் சேர்க்கைக்கு முன்பே எழுத்து வடிவில் பெற்றுக்கொள்வது மாணவருக்கும் பெற்றோருக்கும் பாதுகாப்பாகும்.