பொட்டலத்தில் வந்த வலி மாத்திரை

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது மெத்தனால் கலந்த சாராயம். மெத்தனால் உடனே முழு வேலையைக் காட்டாது; மணிக்கணக்கில் பொறுத்துத்தான் கண்ணையும் உயிரையும் பறிக்கும். அளவு மீறிய வலி மாத்திரையும் சில நேரம் அப்படித்தான் ஏமாற்றும்.

கல்வராயன் மலையில் மரவள்ளி பிடுங்கி மூட்டை சுமந்த உடம்புக்கு மெடிக்கலில் 'ஒரு செட்' கேட்பார்கள். அட்டையை வெட்டி, நாலு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துத் தரும் கடைகள் உண்டு. மருந்தின் பெயர் கடையிலேயே தங்கிவிடும். வலி அடங்காவிட்டால் இன்னொரு கடை, இன்னொரு செட்; உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே டைக்ளோஃபினாக் அல்லது அசிக்ளோஃபினாக். டைக்ளோஃபினாக் பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 150 மில்லிகிராம்தான் உச்சம். சிறுநீரகக் கோளாறோ குடிப்பழக்கமோ இருந்தால் அதுவே ஆபத்து.

அளவு மீறினால் குமட்டல், வாந்தி, மேல்வயிற்று வலி, தூக்கக் கலக்கம், காது இரைச்சல் வரலாம். மலம் தார்போலக் கறுத்தால் உள்ளே ரத்தக்கசிவு. சிறுநீர் குறைந்தால் சிறுநீரகம் அடிவாங்குகிறது. மாதவிடாய் வலிக்கு வாங்கும் மெஃபெனமிக் ஆசிட் அளவு மீறினால் வலிப்பே வரும்.

பெரிய வில்லங்கம், கூடவே பாராசிட்டமால் சேர்ந்த மாத்திரைகள். முதல் நாள் ஆள் நன்றாகத்தான் இருப்பார். கல்லீரல் கெடுவது அடுத்தடுத்த நாளில் தெரியும். இதற்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து உண்டு. விழுங்கிய எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன் அதிகம். வெள்ளிமலையிலிருந்து சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மலை இறங்கும் நேரமும் அந்த எட்டு மணி நேரத்துக்குள் அடக்கம். டைக்ளோஃபினாக் போன்ற, அழற்சியைக் குறைக்கும் வலி மருந்துகளுக்கோ மாற்று மருந்தே இல்லை. ஆகவே அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

உப்புத் தண்ணீர், புளிக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மயங்கினால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள். மிச்ச மாத்திரை, பொட்டலக் காகிதம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை, எப்போது என்பதையும் சொல்லுங்கள்.

வேண்டுமென்றே விழுங்கியிருந்தால் போலீஸ் கேஸ் ஆகுமே என்று வீட்டார் மறைப்பதுண்டு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, விழுங்கியவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது, தண்டிக்க அல்ல. தனியார் மருத்துவமனையும் அவசர சிகிச்சையை மறுக்கக் கூடாதென 1989இல் உச்ச நீதிமன்றம் பரமானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்பளித்தது.

டைக்ளோஃபினாக் மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டிய மருந்து. ரசீது கேளுங்கள், பெயரும் காலாவதித் தேதியும் தெரியும்படி அட்டையோடு கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். தர மறுத்தால் மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் புகார் எழுதலாம்.